குருவியைத் தேடிய பாதிரியார்

1781-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் ஜில்லாவில் செல்போர்ன் என்று ஒரு சிறு கிராமம். ஊருக்குப் பின்னால் சுவர் போல எழுந்து நிற்கும் காட்டுச் சரிவில் இரண்டு கூலியாட்கள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். புதர்களை விலக்கினார்கள், பொந்துகளில் கையை விட்டுத் துழாவினார்கள்.

எதைத் தேடினார்கள்? புதையலையா? இல்லை. தூங்குகிற குருவிகளை!

அவர்கள் தேடிக்கொண்டிருந்த அதே வேளையில், கீழே ஊர்த் தெரு வழியாக ஒரு தகைவிலான் குருவி பறந்து வந்தது. ஒரு வீட்டின் இறவாரத்தில் இருந்த பழைய கூட்டுக்குள் புகுந்தது. அந்த ஆண்டு வந்த முதல் குருவி அது. 'மலையில் ஆட்கள் எழுப்பிவிட்டதால்தான் வந்ததோ?' என்று தம் நாட்குறிப்பில் சந்தேகத்துடன் குறித்துக்கொண்டார், ஆட்களை அனுப்பிய அறுபது வயதுப் பாதிரியார்.

அவர்தான் கில்பர்ட் ஒயிட். ஒரே கிராமத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தே உலகப் புகழ் பெற்ற மனிதர்.

தாத்தாவின் ஊர்

லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 50 மைல் தூரத்தில் இருக்கிறது செல்போர்ன். அங்கே மாதா கோவிலின் தலைமைப் பாதிரியாராக இருந்தவர் ஒயிட்டின் தாத்தா. அவர் பெயரும் கில்பர்ட் ஒயிட்தான். தாத்தாவின் வீட்டில் 1720-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி பேரன் பிறந்தான்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் சேர்ந்து 1743-ல் பட்டம் பெற்றான். மறு ஆண்டே அந்தக் கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவியும் கிடைத்தது. பெரிய உத்தியோகங்களுக்கு வழி திறந்திருந்தது. 1757-ல் கல்லூரித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார், தோற்றார். அதன் பிறகு அவர் மனம் செல்போர்னை விட்டு நகரவில்லை. கோச்சு வண்டியில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றி வாந்தி வரும். ஆகவே குதிரை மீது போவார், இல்லாவிட்டால் நடப்பார்.

சொந்த ஊரில் தாத்தா வகித்த பதவி தமக்கும் கிடைத்தால் போதும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் அது கிடைக்கவே இல்லை. காரணம், அந்த ஊரிலேயே இருந்த ஒரு இடிந்த மடம்!

மடம் போட்ட முட்டுக்கட்டை

மாதா கோவிலிலிருந்து ஓடைக்கரையோடு கிழக்கே நடந்தால் ஒரு பள்ளத்தாக்கு வரும். 1233-ல் வின்செஸ்டர் பேராயர் பீட்டர் டி ரோச் அங்கே துறவிகளுக்கு ஒரு மடம் கட்டினார். செல்போர்ன் கோவிலும் அந்த மடத்தின் வசம் சேர்ந்தது. காலப்போக்கில் மடம் சீரழிந்தது. கடன் ஏறியது, துறவிகள் குறைந்தார்கள். 1480-களில் மடத்தை மூடி, அதன் சொத்துக்களை எல்லாம் ஆக்ஸ்போர்டு மாடலின் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள். செல்போர்ன் கோவிலுக்குத் தலைமைப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் அதோடு போயிற்று.

தாத்தா மாடலின் கல்லூரிக்காரர். பேரன் படித்ததோ ஓரியல் கல்லூரி! மூன்று நூற்றாண்டுக்கு முன் நடந்த ஒரு சொத்து மாற்றம், ஒயிட்டின் வாழ்க்கைக்கே முட்டுக்கட்டை ஆகிவிட்டது.

ஓரியல் கல்லூரி அவருக்கு நார்த்தாம்டன்ஷயரில் வேறொரு கோவிலைக் கொடுத்தது. ஒயிட் அங்கே போய்க் குடியிருக்கவில்லை. வேலையைக் கவனிக்க ஒருவரை அமர்த்திவிட்டு, வருமானத்தை மட்டும் பெற்றுக்கொண்டார். அக்காலத்தில் பலரும் செய்த காரியம்தான் என்றாலும், பெருமைப்படத்தக்கது அல்ல. தாம் உதவிப் பாதிரியாராகப் பக்கத்து ஊரான ஃபாரிங்டனில் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். கடைசியில் செல்போர்னிலும் உதவிப் பாதிரியார்தான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

தம்மைத் தடுத்த அந்த மடத்தின் மீது அவருக்குக் கோபம் வந்ததா? அதன் சரித்திரத்தையே எழுத உட்கார்ந்தார்! ஆக்ஸ்போர்டிலிருந்த பழைய சாசனங்களின் விவரங்களைத் திரட்டினார். தரைமட்டமான மடத்தின் கதையை ஆதியோடந்தமாக எழுதி முடித்தார்.

வளைந்து ஏறும் பாதை

ஊருக்குப் பின்னால் உள்ள மலைச்சரிவு முழுவதும் பீச் மரங்கள் அடர்ந்த காடு. உயரம் சுமார் 300 அடி. நேராக ஏறினால் மூச்சு வாங்கும். 1753-ல் கில்பர்ட்டும் தம்பி ஜானும் சேர்ந்து அதில் ஒரு பாதை வெட்டச் செய்தார்கள். இப்படியும் அப்படியுமாக வளைந்து வளைந்து ஏறும் பாதை. உச்சியில் ஒரு பெரிய கல் உண்டு. வேண்டுதல் கல் என்று அதற்குப் பெயர்.

ஊரிலிருந்து வெளியே போகும் வண்டிப்பாதைகள் இன்னும் விசித்திரமானவை. பல நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைத் தண்ணீரும் அறுத்து அறுத்து, பாதைகள் வயல்களுக்குக் கீழே 16 அடி, 18 அடி ஆழத்துக்குப் போய்விட்டன. இரு பக்கமும் பாறைச் சுவர். மேலே மரங்களின் வேர்கள் தொங்கும். அந்தப் பாதைகளில் ஒயிட் நாள்தோறும் நடந்தார். வீட்டுக்கு வந்து கண்டதைக் குறித்து வைத்தார். 1751-ல் தோட்டக் குறிப்பாகத் தொடங்கிய அந்தப் பழக்கம், சாகும் வரை நிற்கவில்லை.

காதால் கண்டவை

அக்காலத்து இயற்கை ஆராய்ச்சி பெரும்பாலும் செத்த பறவைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி. சுட்டு வீழ்த்துவார்கள், பஞ்சு அடைத்து அலமாரியில் வைப்பார்கள். ஒயிட்டும் சில வேளை துப்பாக்கியை உபயோகித்தவர்தான். ஆனால் உயிருள்ள பறவை என்ன செய்கிறது, எப்படிப் பாடுகிறது என்று மணிக்கணக்கில் கவனித்தார். இங்கிலாந்தில் ஒன்று போலவே தோன்றும் சிறு இலைக்குருவிகள் உண்டு. அவற்றில் மூன்று இனங்கள் இருப்பதை அவற்றின் பாட்டைக் கொண்டே பிரித்துச் சொன்னார்.

கோதுமைத் தாளில் கூடு கட்டும் ஒரு குட்டி எலியையும் அவர்தான் முதலில் விவரித்தார். கூடு கிரிக்கெட் பந்து அளவுதான். இரண்டு எலிகளைத் தராசில் வைத்தார். எதிர்த் தட்டில் ஒரு செப்பு அரைப்பென்னிக் காசு. முள் சமமாக நின்றது!

யாரும் அருவருத்து ஒதுக்கும் மண்புழுவுக்கும் அவர் வக்காலத்து வாங்கினார். மண்ணைத் துளைத்து, காற்றும் நீரும் உள்ளே போக வழி செய்யும் மண்புழு இல்லாவிட்டால் பூமி வளம் குன்றிவிடும் என்று 1777-ல் எழுதினார். சார்லஸ் டார்வின் மண்புழுவைப் பற்றித் தம் நூலை வெளியிட்டது அதற்கு நூறாண்டுக்கும் பிறகு, 1881-ல்.

ஆமையும் குழலும்

அத்தையின் வீட்டில் ஓர் ஆமை இருந்தது. பெயர் திமோத்தி. 1780-ல் அத்தை இறந்ததும், ஒயிட் அதைப் பெட்டியில் வைத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது எப்போது மண்ணுக்குள் புதைகிறது, எப்போது வெளியே வருகிறது, எடை எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதினார். கப்பல்காரர்கள் உரக்கப் பேசுவதற்கு வைத்திருக்கும் குழலால் அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஆமை அசையவில்லை. தேனீக்களிடமும் அப்படியே கத்திப் பார்த்தார். அவையும் சட்டை செய்யவில்லை. ஆமை இறந்த பின் அதன் ஓட்டைச் சோதித்தவர்கள், திமோத்தி பெண் ஆமை என்று சொன்னார்கள்! அந்த ஓடு லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது.

முடியாத கேள்வி

தாம் கண்டதை எல்லாம் தாமஸ் பென்னன்ட், டெயின்ஸ் பாரிங்டன் என்ற இரு அறிஞர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அந்த 110 கடிதங்களோடு மடத்தின் சரித்திரத்தையும் சேர்த்து, லண்டனில் புத்தக வியாபாரம் செய்த தம்பி பெஞ்சமின் வெளியிட்டார். ஆண்டு 1789. ஒயிட்டுக்கு வயது 68. அன்று முதல் அந்த நூல் நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்டுவிட்டது.

ஆனால் குருவிக் கேள்வி மட்டும் தீரவில்லை. தம்பி ஜான் ஜிப்ரால்டரில் பாதிரியாராக இருந்தபோது, தகைவிலான்கள் கூட்டம் கூட்டமாகக் கடலைத் தாண்டுவதைக் கண்டு அண்ணனுக்கு எழுதினார். ஒயிட் அதை நம்பினார். இருந்தும், குருவிகள் எல்லாம் மறைந்து பல நாட்களுக்குப் பின், நவம்பரில் இளவெயில் அடிக்கும் ஒரு நாளில் ஒன்றிரண்டு திடீரென்று தலை காட்டுவதைத் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். அவை மட்டும் எங்கிருந்து வந்தன? சில குருவிகளாவது உள்ளூரிலேயே உறங்கக்கூடும் என்று எண்ணினார். அந்த எண்ணம் தவறு. ஆனால் ஆதாரம் கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்றே எழுதினார். தம் கட்சி ஜெயிக்கவேண்டும் என்பதற்காக ஒரு குருவியைக்கூட அவர் கற்பனையில் பிடிக்கவில்லை.

1793-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி ஒயிட் காலமானார்.

1911-ம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒருவர் ஒரு தகைவிலானின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டார். 1912 டிசம்பரில் அந்தக் குருவி தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் பிடிபட்டது. ஒயிட் இறந்து 119 ஆண்டுக்குப் பிறகு, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வந்து சேர்ந்தது!

கல்லறையும் பாதையும்

அவர் வாழ்ந்த வீடு 1955-ல் காட்சிசாலை ஆயிற்று. மாதா கோவில் வாசலில் இருந்த பிரம்மாண்டமான யூ மரத்தை ஒயிட் அளந்திருந்தார். சுற்றளவு 23 அடி. 1990 ஜனவரிப் புயலில் அது விழுந்தது. அடிமரம் மிஞ்சியது. அதன் கிளையிலிருந்து எடுத்து வளர்த்த கன்று ஒன்றை அங்கேயே நட்டார்கள். கோவிலுக்குள், அவர் எழுதிய பறவைகளை வண்ணக் கண்ணாடியில் தீட்டிய ஜன்னல் ஒன்று இருக்கிறது.

கோவிலின் வடபக்கத்தில் அவருடைய கல்லறை. சிறிய கல். பெயரின் முதல் எழுத்துக்கள் இரண்டு, இறந்த தேதி, அவ்வளவுதான். தலைமைப் பாதிரியாராக இருந்த தாத்தாவைத் தேடி அந்த ஊருக்கு யாரும் வருவதில்லை. அங்கே நடக்க வருகிறவர்கள் பேரனைத்தான் தேடி வருகிறார்கள். தம்பியும் அவரும் வெட்டிய வளைந்த பாதையில் ஏறுகிறார்கள். ஓடைக்கரையோடு மடம் இருந்த இடத்துக்குப் போகிறார்கள். ஏப்ரல் மாதமாக இருந்தால், தெருவில் ஒரு நிமிஷம் நின்று இறவாரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள்.