புதுவையில் மீண்டெழுந்த பாரதியார்

1908-இல் சென்னையில் அடக்குமுறை மிகுந்தபோது, மகாகவி பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்தார். தாம் முன்நின்று நடத்திய ‘இந்தியா’ வார இதழை அங்கிருந்தே வெளியிட்டார். ஆங்கில அரசு தன் எல்லைக்குள் அவ்விதழைத் தடுத்தது. வாசகர் கைக்குச் சேராத இதழ் 1910-இல் நின்றது. ஆசிரியருக்குப் பணியில்லை, வருவாயில்லை, ஒற்றர் தொல்லையோ ஓயவில்லை. எத்தகைய தலைவரும் தளர்ந்துபோகும் நிலை அது.

ஆயினும், இழந்ததை எண்ணி அவர் மாய்ந்திருக்கவில்லை. வ.வே.சு. ஐயர், அரவிந்தர் ஆகியோரின் நட்பு ஊக்கமளிக்க, கவிதையில் உள்ளம் தோய்ந்தார். 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளிவந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் புதுவை மண்ணிலேயே மலர்ந்தன. 1918-இல் புதுவையை நீங்கியபோது சிறைப்பட்டார். விடுதலை பெற்று, 1920-இல் சுதேசமித்திரனில் மீண்டும் இதழ்ப்பணி ஏற்றார்.

பொறுப்பை இழந்த நாளிலும் உழைப்பைக் கைவிடாதவரே மீண்டும் பொறுப்பேற்கும் திண்மை பெறுகின்றனர். பாரதியார் வாழ்விலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் இதுவே.