தூக்குமேடை ஏறிய எழுத்தாளர் கென் சாரோ-விவா

போன மாதம் எல்லோரும் நம் நாட்டுத் தலைவர்களைப் பற்றியே எழுதிவிட்டீர்கள். அதனால் நான் ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன். நைஜீரியா நாட்டில், நைஜர் ஆறு கடலில் கலக்கிற பக்கம் ஓகோனி என்ற மக்கள் இருக்காங்க. அங்கே போரி என்னும் ஊரில் 1941 அக்டோபர் 10 அன்று பிறந்தவர் கென் சாரோ-விவா.

நல்லாப் படிச்சவர். கதை, நாவல் எழுதினார். டிவிக்கு 'பாசி அண்ட் கம்பெனி' என்று சிரிப்புத் தொடர் எழுதினார். உழைக்காமலே கோடீஸ்வரன் ஆக நினைக்கிற ஒருத்தன் கதை. நாடே பார்த்துச் சிரிச்சுதாம். அதோடு இருந்திருந்தால் பேரும் பணமுமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் ஓகோனி மண்ணில் 1958-ல் ஷெல் கம்பெனி எண்ணெய் கண்டுபிடித்தது. குழாயில் கசிந்த எண்ணெய் வயலிலும் ஓடையிலும் பரவியது. ஓடைக்கரை எல்லாம் சதுப்புநிலக் காடு. அந்த மரங்களின் வேர் சேற்றுக்கு மேலே நின்று மூச்சு விடும் என்று அறிவியல் டீச்சர் சொன்னாங்க. அதன் மேல் எண்ணெய் படிந்தால் நம்ம மூக்கைப் பொத்தின மாதிரிதான். மரம் செத்தால் வேருக்குள் வளரும் மீன்குஞ்சு, நண்டு, நத்தை எல்லாம் போச்சு. நத்தை பொறுக்கி விற்றுப் பிழைத்த பெண்கள் என்ன செய்வாங்க?

1990-ல் அவர் தன் மக்களோடு சேர்ந்து ஓர் இயக்கம் தொடங்கினார். 1993 ஜனவரி 4 அன்று சுமார் 3 லட்சம் பேர் அமைதியாக ஊர்வலம் போனார்கள். அந்த வருஷமே ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. 1994-ல் ஓகோனித் தலைவர்கள் நான்கு பேரை ஒரு கும்பல் கொன்றுவிட்டது. இவர் அந்த இடத்திலேயே இல்லை. ஆனாலும் தூண்டிவிட்டார் என்று இராணுவ அரசு பிடித்துப் போட்டது. உலகமே வேண்டாம் என்றும் கேட்காமல், 1995 நவம்பர் 10 அன்று இன்னும் எட்டுப் பேரோடு சேர்த்துத் தூக்கில் போட்டது. 2025-ல் நைஜீரிய அதிபர் அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு வழங்கினார். தப்பே செய்யாதவருக்கு மன்னிப்பு எதுக்கு?

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். அப்புறம் அந்தக் காடு என்ன ஆச்சு, அதையும் எழுது என்றார் டீச்சர். தேடிப் படித்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

2007-க்குப் பிறகு அங்கே கள்ளத்தனமாக எண்ணெய் காய்ச்சுவது ரொம்ப அதிகமாச்சு. குழாயை ஓட்டை போட்டுத் திருடிய கச்சா எண்ணெயை ஓடைக்கரையில் ட்ரம்மில் ஊற்றி, அடியில் நெருப்பு வைப்பாங்க. ஆவி இன்னொரு குழாய் வழியாகப் போய்க் குளிர்ந்து டீசலாகச் சொட்டும். எங்க ஆயா சொல்லும் கள்ளச்சாராயம் காய்ச்சுற கதையேதான்! மிச்சத் தாரை அப்படியே ஓடையில் கொட்டிவிடுவார்கள். காய்ச்சுகிறவர்களே தீயில் வெந்து செத்ததும் உண்டு. போடோ வெஸ்ட் என்ற இடத்தில் 2007-லிருந்து 2011-க்குள் நல்ல காட்டில் 10 சதவீதம் அழிந்ததாக ஐ.நா. அறிக்கை சொல்கிறது. காய்ச்சுகிறவர்களில் பலர் வேலை இல்லாத பையன்கள். கம்பெனியை எதிர்த்து நின்றவர், இவங்களைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, எனக்குத் தெரியலை.

இப்போது போடோவில் எண்ணெயைக் கழுவி எடுத்து, திரும்பவும் மரக்கன்று நட்டிருக்காங்க. பக்கத்து ஓடையில் யாராவது மறுபடி காய்ச்சினால், அலையோடு வரும் எண்ணெய் முதலில் அந்தக் கன்றுகள் மேல்தான் படியும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி