செய்தியைச் சீர்தூக்கிய செம்மல் இமாம் புகாரி (ரஹ்)

காதில் விழுந்ததையெல்லாம் ஆராயாமல் அடுத்தவரிடம் சொல்லிவிடுவது மனிதனின் பழைய பலவீனம். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு திருமறையின் அல்ஹுஜுராத் அத்தியாயம் 6-ஆவது வசனம் பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தலாகாது என்பதே அதன் காரணம். இக்கட்டளையை வாழ்நாள் முழுதும் நெறியாகக் கொண்டு ஒழுகிய பெரியார் ஒருவரை இன்று நினைவு கூர்வோம்.

இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில், ஹிஜ்ரி 194-இல் (கி.பி. 810) முஹம்மது இப்னு இஸ்மாயீல் பிறந்தார். தந்தையை இளமையிலேயே இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் அன்னையே. பத்து வயதை எட்டும்போதே நபிமொழிகளை மனனம் செய்வதில் அவருடைய உள்ளம் தோய்ந்துவிட்டது.

பதினொரு வயதில் நடந்த நிகழ்ச்சியைக் கேளுங்கள். ஆசிரியர் ஒரு நபிமொழியை ஓதிக்காட்டுகையில், அபூஸ்ஸுபைர் என்பவர் இப்ராஹீமிடமிருந்து கேட்டு அறிவித்ததாகக் கூறினார். அபூஸ்ஸுபைர் இப்ராஹீமிடமிருந்து அறிவித்தவரல்லர் என்று சிறுவர் புகாரி பணிவுடன் எடுத்துரைத்தார். ஆசிரியர் முதலில் கடிந்து கொண்டார். மூல ஏட்டைப் பார்க்குமாறு சிறுவர் வேண்டவே, உள்ளே சென்று பார்த்துத் திரும்பிய ஆசிரியர், சரியான பெயர் எதுவென்று வினவினார். அவர் ஸுபைர் இப்னு அதீ என்று சிறுவர் விடையளித்தார். ஆசிரியர் உடனே எழுதுகோலை வாங்கித் தம் ஏட்டைத் திருத்திக்கொண்டார். மாணவரின் துணிவு பெரிதா, ஆசிரியரின் பெருந்தன்மை பெரிதா என்று நீங்களே சொல்லுங்கள்!

பதினாறாம் வயதில் அன்னையுடனும் சகோதரருடனும் ஹஜ்ஜுக்குச் சென்ற அவர், அறிவு தேடி அங்கேயே தங்கிவிட்டார். பின்னர் பஸரா, கூஃபா, பக்தாத், சிரியா, எகிப்து எனப் பல நாடு நகரங்களுக்கும் பயணம் செய்தார். ஏறத்தாழ 6 இலட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்து, 16 ஆண்டுகள் உழைத்துத் தம் ஸஹீஹ் நூலைத் தொகுத்தார். திரும்ப வருவனவற்றையும் சேர்த்து அதில் ஏழாயிரத்துச் சொச்சம் நபிமொழிகளே உள்ளன. விடப்பட்டவை யாவும் பொய் என்று கருதிவிடாதீர்கள். ஒரே செய்தி பல வழிகளில் வந்தால் ஒவ்வொரு வழியும் ஓர் அறிவிப்பாகவே எண்ணப்பட்டது. நூல் நீண்டுவிடும் என்று அஞ்சி, சரியான பலவற்றையும் அவர் விட்டுவிட்டார்.

அவர் எடைபோட்ட முறைதான் என்ன? இதைச் சொன்னவர் யார்? அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா? யாரிடம் கேட்டதாகச் சொல்கிறாரோ அவரை உண்மையிலேயே சந்தித்தாரா? இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தனர் என்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. சந்திப்பும் உறுதிப்பட வேண்டும். இதற்காகவே அறிவிப்பாளர்களின் வரலாறுகளை அத்தாரீகுல் கபீர் என்னும் பெருநூலாக எழுதினார்.

பக்தாதில் அறிஞர் பதின்மர் கூடி, நூறு நபிமொழிகளின் அறிவிப்பாளர் வரிசைகளை மாற்றிக் கோத்து அவரைச் சோதித்தனர் என இப்னு அதீ தம் ஆசிரியர்கள் வாயிலாகக் கேட்டு அறிவித்துள்ளார். ஒவ்வொன்றுக்கும் இமாம், இதை நான் அறியேன் என்றே கூறினார். சபையில் சிலர் அவரைக் குறைவாக எண்ணினர். எல்லாம் முடிந்த பின்னர், முதல்வரிலிருந்து தொடங்கி நூறையும் உரிய வரிசையோடு பொருத்திக் காட்டினார். அறியேன் என்று சொல்லவும் ஒரு வீரம் வேண்டும் அல்லவா?

இத்தகைய பெரியாரையே புரட்டப்பட்ட செய்தி ஒன்று சுட்டெரித்தது! நைஸாபூரில், திருமறையை ஓதுதல் பற்றித் தாம் சொல்லவில்லை என்று அவரே மறுத்த ஒரு கூற்றை அவர்மேல் ஏற்றினர். அவ்வூரின் தலைசிறந்த அறிஞரான துஹ்லீ அவர்கள் அவரை ஒதுக்கினார். இமாம் நகரை விட்டு நீங்கினார். ஆயினும் துஹ்லீ அவர்களிடம் கேட்ட நபிமொழிகளைத் தம் நூலிலிருந்து நீக்கவில்லை. மனத்தாங்கல் வேறு, செய்தியின் மெய்ம்மை வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யார் கற்பிக்க முடியும்?

சொந்த ஊரிலோ, ஆளுநர் தம் மாளிகைக்கு வந்து பாடம் நடத்துமாறு அழைத்தார். கல்வியை அரண்மனை வாசலுக்குக் கொண்டுசெல்ல இமாம் மறுத்தார். அதனால் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார். ஹிஜ்ரி 256-இல் (கி.பி. 870), நோன்புப் பெருநாள் இரவில், ஸமர்கந்தை அடுத்த கர்தங்க் என்னும் சிற்றூரில் அவருடைய உயிர் பிரிந்தது.

வாசகரே, இனி நம் இல்லத்தைப் பார்ப்போம். நம் பிள்ளைகளின் கையில் கைபேசி இருக்கிறது. பத்துப் பேருக்கு அனுப்பினால் நற்செய்தி வரும் என்னும் வாட்ஸ்அப் செய்தியின் அடியில், நூற் பெயரும் எண்ணும் இன்றி, புகாரி என்று மட்டும் போட்டிருக்கிறது. இமாம் ஒரு பெயரைச் சரிபார்க்கப் பட்ட பாட்டை நினைத்தால் நெஞ்சம் பதறவில்லையா? 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துள்ளனர் என்ற பொய்ச் செய்தி கைபேசிகளில் பரவி, தமிழகம் உட்பட இந்தியாவின் பல மாநிலங்களில் ஏதுமறியாதவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அனுப்பியவர்களில் எத்தனை பேர், சொன்னவர் யார் என்று ஒரு கணம் கேட்டிருப்பார்கள்?

இன்றிரவே பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். வந்த செய்தி ஒன்றை எடுத்து, இதை முதலில் சொன்னவர் யார், அவர் கண்டாரா கேட்டாரா, எப்போதைய படம் இது, மூலத்தில் இப்படித்தான் உள்ளதா என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள். தெரியவில்லையெனில், தெரியவில்லை என்று சொல்லி, அனுப்பாமல் நிறுத்தப் பழக்குங்கள். நம் பிழையை அவர்கள் சுட்டிக்காட்டினால், அந்த ஆசிரியரைப் போல் எழுதுகோலை எடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.