முத்துலட்சுமி விட்டுச்சென்ற கணக்கு

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை, தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவராகவும் சென்னை மாகாணச் சட்டமேலவையின் துணைத் தலைவராகவும் நாம் அறிவோம். ஆண்கள் பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர்ந்ததும், 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றதும் பலரும் அறிந்தவை. அவரது வாழ்வின் மற்றொரு பாதையை ஒரு மரணம் திறந்தது.

1923-இல் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் உரிய காலத்தில் கண்டறியப்படவில்லை. புற்றுநோய் என்றாலே முடிவு என்று படித்தோரும் நம்பிய அக்காலத்தில், அதற்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என வாதாடி, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார் முத்துலட்சுமி. 1952-இல் நேரு அடிக்கல் நாட்டினார்; 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 67. 1968-இல் அவர் மறைந்தார்.

முன்கூட்டியே கண்டறிவதால் ஆயுள் உண்மையில் நீள்கிறதா? அறுபது வயதில் இறக்கவிருக்கும் பெண்ணின் நோயை 58-க்குப் பதில் 55-இல் கண்டறிந்தால், நோயோடு வாழ்ந்த காலம் ஏட்டில் நீளும், இறப்பு தள்ளிப்போயிராது. எனவே இறப்பு விகிதத்தையே ஒப்பிட வேண்டும். அவ்வாறு ஒப்பிட்டது, அடையாறு மருத்துவமனையும் பங்கேற்ற திண்டுக்கல் ஆய்வு. 30 முதல் 59 வயதுள்ள கிராமப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர், அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தனர். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் வெளியான முடிவு கூறியது. சோதனையோடு சிகிச்சையும் இணைந்திருந்ததே அந்த வெற்றியின் அடிப்படை.

பெரம்பலூரின் பருத்தி வயல்களிலும் அரியலூரின் சிமென்ட் ஆலைகளைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் பெண்களுக்கு, ஒரு நாள் மருத்துவமனை செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்தச் செலவைக் குறைக்கிறது. 2022 முதல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ளது. ஆயினும், நடத்திய முகாம்களையும் பரிசோதித்தவர்களையும் எண்ணுவது போதாது. ஐயத்துக்குரியவர் எனக் கண்டறியப்பட்டோரில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதை மாவட்டந்தோறும் வெளியிட வேண்டும். தங்கையை இழந்த மருத்துவர் விட்டுச்சென்ற கணக்கு அதுவே.