கர்சர் எங்கே நிற்கிறது? சுஜாதாவின் வாழ்க்கை, ஒரு லிஸ்ட்டாக

ஜாவா லேப் வைவாவில் நான் மாட்டிக்கொண்ட கேள்வி: லிஸ்ட் இட்டரேட்டரை ஆரம்பித்ததும் கர்சர் எங்கே நிற்கும்? முதல் எலிமென்ட் மேலன்னு சொன்னேன். தப்பு. கர்சர் எந்த எலிமென்ட் மேலயும் நிற்காது, இடைவெளியில்தான் நிற்கும். அது எனக்குப் புரிந்தது நம்ம ஊர்க்காரர் சுஜாதாவின் வாழ்க்கையை லிஸ்ட்டாகப் போட்டுப் பார்த்தபோதுதான்.

திருவல்லிக்கேணி, ஸ்ரீரங்கம், திருச்சி, குரோம்பேட்டை, டில்லி, பெங்களூரு, சென்னை. ஊர் 7, கர்சர் நிற்க இடம் 8. தொடக்கத்தில் அது முதல் ஊருக்கும் முன்னால் நிற்கிறது. நெக்ஸ்ட் கூப்பிட்டால் ஒரு ஊரைத் தாண்டி, தாண்டிய ஊரைக் கையில் தரும்.

முதல் நெக்ஸ்ட்: 1935 மே 3, திருவல்லிக்கேணியில் ரங்கராஜன் பிறக்கிறார். இரண்டாவது: ஸ்ரீரங்கம், பாட்டி வீடு, பள்ளிக்கூடம். இப்போ கர்சர் சரியா காவிரி மேல நிற்குதுன்னு வெச்சுக்கோங்க. மூன்றாவது: திருச்சி செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல். அடுத்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ். பிறகு டில்லியில் விமானப் போக்குவரத்துத் துறை வேலை. ஆறாவது பெங்களூரு, பாரத் எலெக்ட்ரானிக்ஸ். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அதே ஆள்தான் மனைவியின் பெயரில் கதை எழுதினார். 1968-ல் குமுதத்தில் நைலான் கயிறு வந்தது.

இங்கேதான் நாம எல்லாரும் செய்யும் தப்பு. பெங்களூரைத் தாண்டி நிற்கும்போது ப்ரீவியஸ் கூப்பிட்டால் டில்லி வராது, பெங்களூரே திரும்ப வரும். கடைசியாகத் தாண்டியது அதுதானே! ஸ்ரீரங்கம் வர 5 ப்ரீவியஸ் வேணும். ஊரைவிட்டு வந்தவர்கள் பலர் பழைய ஊரை ரிமூவ் பண்ணிடுவாங்க. அவர் பண்ணலை. பொறுமையாகப் பின்னால் போய் ஸ்ரீரங்கத்து தேவதைகள் எழுதினார்.

பிளேஸ்மென்ட் சீசனில் எங்களிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கோடிங்கா, தமிழா? இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்குத் தமிழில் நாலு வரி எழுதவே பயம். ரெண்டில் ஒன்று மேல் ஏறி நின்றே ஆகணும்னு நினைச்சிருந்தேன். அவர் எஞ்சினியருக்கும் எழுத்தாளருக்கும் நடுவில் இருந்த இடைவெளியிலேயே ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து காட்டியிருக்கிறார். இந்தக் கட்டுரை என்னோட முதல் நெக்ஸ்ட்.

2008 பிப்ரவரி 27, சென்னை. கர்சர் எட்டாவது இடத்துக்கு வந்துவிட்டது. ஹேஸ்நெக்ஸ்ட் கேட்டால் ஃபால்ஸ். ஹேஸ்ப்ரீவியஸ் கேட்டுப் பாருங்க மக்களே, ட்ரூ. லைப்ரரியில் அவர் புத்தகங்கள் இருக்கு.