இடையன்குடி இல்லறம்

கால்டுவெல் ஐயரின் பெயரை அறியாத தமிழாசிரியர் இலர். பண்டித பரீட்சைக்குப் பயின்றவரும், ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் பயின்றவரும், மொழிவரலாறு என்னும் பாடத்தைத் தொடங்கும்போதே அவர்தம் ஒப்பிலக்கணத்தைப் பற்றிக் கேட்டறிவர். ஆயினும் அவ்வாசிரியர் எவ்வூரில் வாழ்ந்தார், எத்தகைய மாந்தரோடு நாடோறும் பழகினார், அவருடைய மனைக்கு விளக்காய் நின்றவர் யார் என்பனவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. நூலைப் போற்றுவதோடு அமைந்து, அந்நூல் முளைத்த நிலத்தை நாம் மறந்துவிட்டோம். அந்நிலத்தையும், 47 ஆண்டுகள் நிலைத்த ஓர் இல்லறத்தையும் இம்மலரிலே ஒருவாறு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

சைவமும் தமிழும் தழைக்க எழுந்த ஓர் இந்துக் கல்லூரியின் மலரிலே கிறித்தவப் போதகர் ஒருவரின் குடும்பக் கதைக்கு இடமென்னை எனச் சிலர் வினவுதல் கூடும். கால்டுவெல் ஐயர் கடல் கடந்து வந்தது தம் சமயத்தைப் பரப்புதற்கே. அதனை மறைத்தலும் வேண்டா. அதுபற்றி ஈண்டு வாதிடலும் வேண்டா. தமிழுக்கு உழைத்தவர் எச்சமயத்தவராயினும் அவர்க்கு நன்றி கூறுதல் தமிழர் கடனாகும். அந்நன்றியை உரியவர் இருவர்க்கும் பகிர்ந்தளித்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

றொபேட் கால்டுவெல் 1814 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆந் தேதி அயர்லாந்து தேசத்திலே, அன்ரிம் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். பெற்றோர் ஸ்கொத்லாந்து மரபினர். இளமையிலே ஓவியத்தில் நாட்டங்கொண்டிருந்த அவர், பின்னர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பட்டம் பெற்றார். அங்கே கிரேக்கமொழிப் பேராசிரியராயிருந்த சான்ட்போட் என்பாரின் விரிவுரைகள், மொழிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கும் ஆசையை அவருள்ளத்திலே விதைத்தன. இலண்டன் மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டு, ‘மேரி ஆன்’ என்னும் கப்பலேறி, 1838 ஆம் ஆண்டு ஜனவரி 8 ஆந் தேதி சென்னைத் துறையில் இறங்கினார். தெலுங்கு மொழிக்குப் பெருந்தொண்டாற்றிய சி. பி. பிரௌன் துரை அதே கப்பலிற் பயணஞ் செய்தமை ஒரு நற்பேறாயிற்று.

மூன்று ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையிலிருந்து தமிழ் கற்றபின், 1841 ஆம் ஆண்டு ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்து, திருநெல்வேலிச் சீமைக்குப் புறப்பட்டார். அக்காலத்திலே ஐரோப்பியர் பல்லக்கிலன்றி நெடுவழி செல்லுதல் அரிது. இவரோ நடந்தே செல்லத் துணிந்தார். சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களைக் கடந்து நீலகிரியை அடைந்து, அங்கே உதகமண்டலத்திற் குருப்பட்டம் பெற்று, மதுரை வழியாகத் தெற்கு நோக்கி நடந்தார். தஞ்சையிலே வேதநாயக சாஸ்திரியாரைக் கண்டு அளவளாவினார். மக்களை உள்ளபடி அறியவேண்டுமாயின் அவர்கள் நடக்கும் வழியிலே நடத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பல்லக்கின் திரைக்குள்ளிருந்து கேட்கமுடியாத தமிழை அவர் வழிநெடுகக் கேட்டார்.

1841 ஆம் ஆண்டின் இறுதியிலே இடையன்குடி வந்து சேர்ந்தார். இடையன்குடி திருநெல்வேலியின் தென்கிழக்கே கடலை அடுத்துள்ள தேரி நிலத்து ஊர். செம்மணல் காற்றோடு பறக்கும், மழை குறைவு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனையே நிற்கும். யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இவ்வூரை விளக்கிக் கூறுதல் எளிது. நம்மவர் கருப்பநீர் என்பதை அவர் பதநீர் என்பர். நம் பனங்கட்டி அவர்க்குக் கருப்பட்டி. காலையும் மாலையும் பனையேறுவோர் தளைநாரும் கத்தியுமாகச் செல்லும் காட்சி இருநாட்டிற்கும் பொது. அத்தகைய ஓரூரிலேதான் கால்டுவெல் ஐயர் 40 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தார்.

வந்தபோது வீடுகள் ஒழுங்கின்றி நெருங்கிக் கிடந்தன. ஐயர் அயலிலுள்ள நிலங்களை வாங்கி, நேரான தெருக்களை வகுத்து, கிணறுகள் தோண்டுவித்து, மரங்கள் நாட்டுவித்தார். 1847 ஆம் ஆண்டு ஒரு பெரிய தேவாலயத்துக்கு அடிக்கல் இடப்பட்டது. கையிற் பொருள் உள்ளபோது சுவர் எழும்; இல்லாதபோது நிற்கும். இவ்வாறு வளர்ந்த அக்கட்டடம் 33 ஆண்டுகளின் பின், 1880 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான் நிறைவெய்திப் பிரதிட்டை செய்யப்பட்டது.

தெருவும் கிணறும் அமைத்தல் ஒருவராற் கூடும். ஆனால் வீடுகளுட் புகுந்து பெண்களோடு பேசுதல் அந்நிய ஆடவர்க்கு அக்காலத்திற் கூடாத செயல். அக்குறையை நீக்க வந்தவர் எலிசா அம்மையார். இவர் நாகர்கோவிலிலே தொண்டாற்றிய சாள்ஸ் மால்ற் ஐயரின் புதல்வியார். தாயார் மார்த்தா அம்மையார் 1821 ஆம் ஆண்டளவிலே நாகர்கோவிற் பெண்களுக்கு லேஸ் பின்னுந் தொழிலைக் கற்பித்தவர். அத்தொழிலின் ஊதியங்கொண்டு அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்பது வரலாறு. அவ்வன்னையின் கையில் வளர்ந்த எலிசா, தமிழைப் புத்தகத்திற் கற்றவரல்லர். விளையாட்டுத் தோழியர் வாயிலிருந்து கற்றவர். கணவர் முயன்று பெற்ற மொழி மனைவிக்கு இயல்பாகவே வாய்த்திருந்தது.

1844 ஆம் ஆண்டு இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. இடையன்குடிக்கு வந்த அம்மையார் தங்கிக் கற்கும் பெண்பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பெண்ணுக்கு எழுத்து ஏன் என்று பெற்றோர் கேட்ட காலம் அது. வாசிப்பும் எழுத்தும் கற்பித்ததோடு, தம் தாயார் வழியிலே லேஸ் பின்னுதலையும் பயிற்றினார். கையிலே ஒரு தொழிலும் அதனால் வருஞ் சிறுபொருளும் உள்ள பெண்ணை வீட்டார் மதிக்கத் தொடங்குவர் என்பதை அவர் தம் தாய்வீட்டிற் கண்டறிந்தவரன்றோ? தம் மக்களையும் வளர்த்து, பிறர் மக்களையும் வளர்த்து அம்மையார் கழித்த நாட்கள் பல.

அக்காலத்து மிஷன் ஊர்களிற் போதகர் வீடு வெறும் வீடன்று. பாடசாலைக்கும் கோயிலுக்கும் அலுவலகம் அது. நோயாளி மருந்து கேட்டு வருவதும், அயலவர் வேலித் தகராற்றைச் சொல்லி வருவதும், கடிதம் எழுதுவிக்க வருவதும் அவ்வீட்டுத் திண்ணைக்கே. அங்கு வந்தோர் இலக்கணத் தமிழிற் பேசியிருப்பரோ? வந்தவர் பேச்சிலே வந்த சொல்லும், வினைமுடிபும், ஒலித்திரிபும் ஐயரின் செவியில் விழுந்தன. மாணவியரும் தாய்மாரும் வழங்கிய சொற்கள் அம்மையார் வாயிலாக அவர்க்கு எட்டின எனக் கொள்ளுதலும் தகும். ஏட்டுத் தமிழையும் வீட்டுத் தமிழையும் ஒருங்கே நோக்கும் கண் இவ்வாறே அவர்க்கு வாய்த்தது.

அவர்தம் வெளிப்பயணங்களும் இத்தகையனவே. சுற்றுவட்டாரத்துச் சபைகளையும் பாடசாலைகளையும் கண்டுவருதல் ஐயரின் ஓயாக் கடமையாயிருந்தது. உடல் வலிமை குறைந்தவராயினும் ஊர் சுற்றுதலை அவர் விட்டாரல்லர். குற்றாலத்தின் அருவியையும் சாரலையும் நன்கறிந்தவர். பிற்காலத்தில் மலைக்குளிர்ச்சியை நாடிக் கோடைக்கானலுக்குஞ் சென்றார். எங்குச் சென்றாலும் ஊர்ப்பெயர் கேட்டலும் பழங்கதை கேட்டலும் அவர் வழக்கம். பாண்டியரின் பழைய துறைமுகமாகிய கொற்கையை நாடிச் சென்று, கிரேக்க நூலார் கூறிய துறை அதுவே எனக் கண்டு, அங்கே அகழ்ந்தும் பார்த்தார். இன்று கடலைவிட்டு உள்ளொதுங்கிக் கிடக்கும் அவ்வூரின் மண்ணின் கீழே கடற்சிப்பிகளும் சங்குகளும், பண்டையோர் பிணம் புதைத்த தாழிகளும் வெளிப்பட்டன. மார்க்கோ போலோ கூறிய காயல் துறையிலோ, சீனப் பீங்கானோடுகளும் அராபிய மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. இச்செய்திகளை 1877 ஆம் ஆண்டு எழுதி வெளியிட்டார். 1881 இல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரம் என்னும் ஆங்கில நூலும் இவ்வாறு நடந்து கண்ட நிலத்தின் கதையேயாம்.

ஒப்பிலக்கணம் 1856 ஆம் ஆண்டு இலண்டனில் அச்சேறியது. இடையன்குடி வாழ்வு தொடங்கி ஏறக்குறைய 15 ஆண்டுகளின் பின் வந்த விளைவு அது. தென்மொழிகள் தம்முள் உறவுடையன, வடமொழியிலிருந்து பிறந்தனவல்ல என்னுங் கருத்தை எல்லிஸ் துரை 1816 இலேயே கூறியிருந்தார். ஆயினும் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு முதலியவற்றோடு மலைவாழ் மக்களின் மொழிகளையும் சேர்த்து, ஒலி, எண், இடப்பெயர், வேற்றுமை, வினை எனப் பகுத்துக்காட்டி, அவை ஓரினத்தன என்பதை விரிவாக நிறுவியவர் கால்டுவெல் ஐயரே. திருத்திய இரண்டாம் பதிப்பு 1875 இல் வந்தது. 1858 இற் பாளையங்கோட்டையில் தொடங்கிய தமிழ்விவிலியத் திருத்தக் குழுவிலும் அவர் அமர்ந்து உழைத்தார்.

பெரியோரின் குறையையுங் கூறுதல் வரலாற்றின் கடன். பனையேறும் மக்களைப் பற்றி 1849 ஆம் ஆண்டு ஐயர் எழுதி வெளியிட்ட ஆங்கில நூலிலே அம்மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் தாழ்த்தி உரைத்தார். தம்மிடையே வாழ்பவரே தம்மைப்பற்றி இவ்வாறு எழுதினாரே என அச்சமூகத்தார் பின்னாளில் மனம் நொந்து வன்மையாக எதிர்த்தனர். அவர்தம் சினம் நியாயமானதே. நாடோறும் கண்ட முகங்களையுங்கூடத் தம் நாட்டு அளவுகோல்கொண்டு அளந்துவிட்டார் ஐயர். தமிழிலக்கியத்தின் தொன்மையையும் அவர் குறைத்தே மதித்தார். அதற்குக் காரணம் வேறு. சங்கநூல்கள் அவர் எழுதிய காலத்தில் அச்சேறவில்லை. நம் நாட்டுச் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை வெளியிட்டதும், அவரையடுத்து உ. வே. சாமிநாதையர் ஏனைய நூல்களை வெளியிட்டதுமே அக்கணிப்பை மாற்றின. ஆகவே கால்டுவெல் ஐயர் தொடங்கியதை நிறைவாக்கிய பெருமையில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்திலே கால்டுவெல் ஐயர் துயர்துடைக்கும் பணியில் ஈடுபட்டார். அப்பஞ்சத்தின் நடுவே, 1877 ஆம் ஆண்டு, அத்தியட்சர் பதவியும் அவரைத் தேடி வந்தது. 1883 இல் தூத்துக்குடிக்கு இடம்பெயர்ந்து அங்கே கல்லூரிப் பணியை மேற்கொண்டார். 1891 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பதவியை விட்டொழிந்து, அவ்வாண்டு ஓகஸ்ட் 28 ஆந் தேதி கோடைக்கானலில் உயிர் நீத்தார். உடல் மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் கட்டிய கோயிலினுள்ளே அடக்கஞ் செய்யப்பட்டது. மருமகனார் வையற் ஐயர் அவருடைய நினைவுக் குறிப்புகளைத் தொகுத்து 1894 இல் வெளியிட்டார்.

எலிசா அம்மையார் தாய்நாட்டுக்கு மீண்டாரல்லர். மீள்வதற்குத் தாய்நாடு என வேறொன்று அவர்க்கு இருந்ததோ? கணவர்க்குப் பின் எட்டாண்டு வாழ்ந்து 1899 இல் மறைந்து, அவரும் அக்கோயிலிலேயே துயில்கின்றார். 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மகாநாட்டின்போது சென்னைக் கடற்கரையிலே ஐயருக்குச் சிலை எடுத்தனர். 2011 இல் அவர்கள் வாழ்ந்த இடையன்குடி வீடு நினைவில்லமாக்கப்பட்டது. அம்மையாருக்குச் சிலையில்லை, அவர் பெயர் ஒப்பிலக்கணத்தின் முகப்பிலும் இல்லை.

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இந்நாளிலே கடல் கடந்து அயல்மொழி வழங்கும் நாடுகளிற் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அயலாரின் மொழியை அவர்தம் தெருவிலும் திண்ணையிலும் கற்ற இத்தம்பதிகளின் வாழ்வு அவர்கட்கு ஒரு துணையாகும். அயலாரைத் தம் அளவுகோலால் அளந்த பிழை ஓர் எச்சரிக்கையுமாகும். தமிழாசிரியராகிய எமக்கோ வேறொரு கடன் உண்டு. மொழிவரலாற்றுப் பாடத்திலே கால்டுவெல் என்னும் பெயரைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், அதன் அருகே எலிசா என்னும் பெயரையும் எழுதுவோமாக.