நிலவில் பதிந்த சுவடுகள்

நுழையும்முன்

நிலவில் முதலில் நடந்த மனிதர் யார் என்னும் வினாவிற்கு நாம் அனைவரும் விடை அறிவோம். அவர் உண்மையிலேயே நடந்தாரா என்று ஒருவர் கேட்டால், நம்மில் பலர் விடை கூறத் தயங்குகிறோம். ஐயுறுதல் குற்றமன்று, எழுந்த ஐயத்தை ஆராயாமல் விடுவதே குற்றம். ஐயுறுவதையும் சோதித்தறிவதையும் தம் தொழிலாகவே கொண்ட ஒருவரின் வாழ்வையும், அவர் செயல்மீது பின்னாளில் எழுந்த ஐயங்களையும் இப்பாடம் ஒருசேர எடுத்துரைக்கிறது.

பறக்கும் வேட்கை

நீல் ஆம்ஸ்ட்ராங் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் வாபகொனெட்டா என்னும் சிற்றூருக்கு அருகில் 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் பிறந்தார். தந்தை அரசுத் தணிக்கையாளர். பணியின் காரணமாகக் குடும்பம் ஊர்விட்டு ஊர் மாறிக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ ஆறு வயதில் தந்தையுடன் முதன்முதலாக வானூர்தியில் ஏறிய சிறுவனுக்கு அன்று தோன்றிய வேட்கை இறுதிவரை தணியவில்லை. மருந்துக்கடையில் வேலை செய்து ஈட்டிய கூலியைக் கொண்டே அவர் வானூர்தி ஓட்டக் கற்றார். தம் 16ஆம் பிறந்தநாளன்று, மகிழுந்து ஓட்டும் உரிமம் பெறுவதற்கு முன்னரே, வானூர்தி ஓட்டும் மாணவருக்குரிய உரிமத்தைப் பெற்றுவிட்டார்.

கடற்படையின் கல்வி உதவியோடு பர்டூ பல்கலைக்கழகத்தில் வானூர்திப் பொறியியல் பயிலத் தொடங்கினார். படிப்பு முடியுமுன்னரே கொரியப் போருக்கு அழைக்கப்பட்டுப் போர் வானூர்தியில் 78 முறை பறந்தார். 1951இல் தாழப் பறந்தபோது, பள்ளத்தாக்கின் குறுக்கே கட்டப்பட்டிருந்த கம்பிவடத்தில் மோதி அவரது வானூர்தியின் இறக்கையில் ஒரு பகுதி அறுந்தது. பதற்றமின்றி அதனைத் தம் படையினர் இருந்த பகுதிவரை செலுத்திவந்து, வான்குடையின் துணையால் உயிர்தப்பினார். போர்ப்பணி முடிந்தபின் மீண்டும் பல்கலைக்கழகம் சென்று 1955இல் பட்டம் பெற்றார்.

ஐயமே தொழிலாக

பட்டம் பெற்றபின் ஆம்ஸ்ட்ராங் சோதனை விமானியானார். புதிதாக வடிவமைக்கப்பட்ட வானூர்தி எங்கே பழுதுபடும், எப்போது கட்டுப்பாட்டை இழக்கும் என ஐயுற்று, அவ்வையத்தைத் தம் உயிரைப் பணயம் வைத்துத் தீர்ப்பதே சோதனை விமானியின் பணியாகும். எக்ஸ்-15 என்னும் ஏவூர்தி வானூர்தியை அவர் ஏழுமுறை இயக்கினார். 1962இல் ஒருமுறை அதில் 63 கிலோமீட்டர் உயரத்தை எட்டினார்.

அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் வாழ்வில் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. மூளையில் ஏற்பட்ட கட்டியால் துன்புற்றுவந்த அவருடைய சிறுமகள், மூன்று வயது நிறைவதற்கு முன்பே இறந்தாள். அத்துயரைப் பற்றி அவர் உடன் பணியாற்றியவர்களிடம்கூட மனம்திறந்து பேசியதில்லை. சில திங்களில் அவர் விண்வெளி வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1966ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள், ஜெமினி 8 விண்கலத்தில் டேவிட் ஸ்காட்டுடன் விண்ணுக்குச் சென்றார். விண்வெளியில் இரு கலங்களை இணைக்கும் முயற்சி உலகில் முதன்முறையாக அன்று வெற்றிபெற்றது. ஆனால் சிறிது நேரத்தில், சிற்றுந்துபொறி ஒன்று அடைபடாமல் இயங்கியதால் கலம் பம்பரம்போலச் சுழலத் தொடங்கியது. சுழற்சி நொடிக்கு ஒரு சுற்று என்னும் அளவை நெருங்கியது. இன்னும் சிறிது பொழுது கடந்திருந்தால் இருவரும் நினைவிழந்திருப்பர். அந்நிலையிலும் ஆம்ஸ்ட்ராங், புவிக்குத் திரும்புவதற்கென ஒதுக்கப்பட்டிருந்த வேறு பொறிகளை இயக்கிச் சுழற்சியை அடக்கினார். பயணம் இடையிலேயே முடிந்தது, உயிர்கள் பிழைத்தன.

1968ஆம் ஆண்டு மே மாதம், நிலவில் இறங்குவதற்குப் பயிற்சி அளிக்கும் ஊர்தி ஒன்று தாழ்ந்த உயரத்தில் நிலைகுலைந்தது. தரையில் மோதுவதற்குச் சில நொடிகளுக்கு முன் அவர் வெளியேறினார். அன்றே தம் அலுவலறைக்குத் திரும்பி, வழக்கமான பணிகளைக் கவனித்தார் என்பது அவர் இயல்பைக் காட்டும்.

நிலவை நோக்கி

1969ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், ஆம்ஸ்ட்ராங், எட்வின் ஆல்ட்ரின், மைக்கேல் காலின்ஸ் ஆகிய மூவரையும் சுமந்துகொண்டு அப்பல்லோ 11 புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. அதனைத் தாங்கிய சாட்டர்ன் 5 ஏவூர்தியின் உயரம் ஏறத்தாழ 110 மீட்டர். ஏறக்குறைய நான்கு இலட்சம் பேரின் உழைப்பு அப்பல்லோ திட்டத்தின் பின்னே இருந்தது. வெற்றியுடன் தரையிறங்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்றே ஆம்ஸ்ட்ராங் கணித்திருந்தார்.

ஜூலை 20ஆம் நாள், காலின்ஸ் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிவர, மற்ற இருவரும் கழுகு எனப் பெயரிடப்பட்ட இறங்குகலத்தில் அமைதிக்கடல் என்னும் சமவெளியை நோக்கி இறங்கினர். வழியில் கணினி தாங்கவியலாத வேலைப்பளுவால் மீண்டும் மீண்டும் எச்சரிக்கை ஒலித்தது. இறங்குவதற்குரிய இடத்திலோ பாறைகள் நிறைந்த பெரும்பள்ளம் தென்பட்டது. ஆம்ஸ்ட்ராங் கலத்தைத் தாமே கையால் இயக்கி, பள்ளத்தைக் கடந்து சமமான இடம் தேடினார். அவர் இதயத்துடிப்பு நிமிடத்திற்கு 150ஐ எட்டியது. கலம் நிலவைத் தொட்டபோது, இறங்குவதற்கான எரிபொருள் ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்திற்கே எஞ்சியிருந்தது.

இந்திய நேரப்படி ஜூலை 21ஆம் நாள் காலை 8.26 மணிக்கு, மனிதனின் காலடி முதன்முதலாக நிலவில் பதிந்தது. இரண்டரை மணி நேரம் இருவரும் அங்கே பணியாற்றினர். நில அதிர்வுமானியையும் லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் கண்ணாடித் தொகுதியையும் நிறுவினர், ஏறத்தாழ 21.5 கிலோகிராம் பாறையும் மண்ணும் சேகரித்தனர். திட்டத்தில் இல்லாத ஒன்றையும் ஆம்ஸ்ட்ராங் செய்தார். சுமார் 60 மீட்டர் தொலைவில் இருந்த ஒரு பள்ளத்திற்கு விரைந்துசென்று, அதனைப் படமெடுத்துத் திரும்பினார். ஜூலை 24ஆம் நாள் மூவரும் பசிபிக் பெருங்கடலில் வந்திறங்கினர்.

ஐயமும் திரிபும்

இத்துணை முயற்சியும் படப்பிடிப்புத் தளத்தில் அரங்கேறிய நாடகமே என்னும் பேச்சு பின்னாளில் எழுந்தது. அமெரிக்காவில் 1976இல் வெளிவந்த நூலொன்று அதனைப் பரப்பியது. இன்றும் கைப்பேசித் திரைகளில் அப்பேச்சு உலவுகிறது.

அறிவு பெறும் வழிகளை ஆராய்ந்த நம் முன்னோர் ஐயத்தையும் திரிபையும் வேறுபடுத்திக் காட்டினர். தொலைவில் தெரிவது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணியாது நிற்பது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிபு. ஐயம் அருகே சென்று பார்த்தால் நீங்கும். திரிபுற்றவரோ அருகே செல்லவும் மறுப்பார். நிலவுப் பயணம் குறித்த வினாக்களை ஐயங்களாகவே கொண்டு அருகே சென்று பார்ப்போம்.

காற்றில்லாத நிலவில் கொடி அசைவது எவ்வாறு? கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக்கம்பி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதனை முழுமையாக நீட்ட இயலாமையால் துணியில் மடிப்புகள் நிலைத்துவிட்டன. அவை நிழற்படத்தில் அசைவுபோலத் தோன்றுகின்றன. கம்பத்தை ஊன்றும்போது துணி அசைந்தது உண்மையே. அதனைத் தடுத்து நிறுத்தக் காற்றில்லாததால் அவ்வசைவு சற்று நீடித்தது.

வானில் விண்மீன்கள் தெரியாதது ஏன்? அப்போது நிலவில் பகற்பொழுது. வெயிலில் ஒளிரும் தரையையும் வெண்ணிற உடையையும் படமெடுக்க, ஒளிப்படக்கருவியின் கண் மிகக் குறைந்த நேரமே திறக்கும். மங்கலான விண்மீன்கள் அந்நேரத்தில் பதியா. இரவில் ஒளிவெள்ளம் பாய்ந்த விளையாட்டுத் திடலைக் கைப்பேசியில் படமெடுப்போர் இதனைத் தாமே கண்டறியலாம்.

கதிர்வீச்சு வளையங்களைக் கடந்து உயிர்பிழைத்தது எப்படி? புவியைச் சூழ்ந்த வான் ஆலன் வளையங்களின் செறிந்த பகுதிகளைத் தவிர்க்கும்படி பாதை வகுக்கப்பட்டது. கலம் அவற்றை விரைந்து கடந்தது. வீரர்கள் அணிந்திருந்த அளவிகள், அவர்கள் பெற்ற கதிர்வீச்சு உடலுக்குத் தீங்கு விளைக்கும் அளவினும் மிகக் குறைவு எனக் காட்டின.

சான்றுகளை எடைபோடுதல்

ஐயங்களுக்கு விடை கூறினால் மட்டும் போதாது. நேரிய சான்றுகளும் வேண்டும். அச்சான்றுகளையும் நாம் ஆராய்ந்தே ஏற்கவேண்டும்.

அப்பல்லோ 11 வைத்துவந்த கண்ணாடித் தொகுதியின்மீது இன்றும் ஆய்வகங்கள் லேசர் ஒளியைச் செலுத்துகின்றன. ஒளி சென்று மீள ஏறத்தாழ இரண்டரை நொடி ஆகிறது. நிலவு ஆண்டுதோறும் 3.8 சென்டிமீட்டர் விலகிச் செல்வதை இவ்வகை அளவீடுகளே உணர்த்தின. எனினும் இச்சான்று மட்டும் மனிதர் சென்றதை மெய்ப்பிக்காது. சோவியத் ஒன்றியத்தின் ஆளில்லா ஊர்திகளும் இத்தகைய கண்ணாடிகளை நிலவில் சேர்த்துள்ளன.

பாறைகள் கூறும் செய்தி இன்னும் வலியது. ஆறு அப்பல்லோ பயணங்களிலும் சேர்த்து 382 கிலோகிராம் பாறையும் மண்ணும் கொண்டுவரப்பட்டன. சோவியத் ஒன்றியம் தன் ஆளில்லாக் கலங்களால் மூன்று முறை கொண்டுவந்த மண்ணோ, மொத்தத்தில் அரைக் கிலோகிராம்கூட இல்லை. நிலவுப் பாறைகளில் காற்றில்லா வெளியில் நுண்ணிய விண்துகள்கள் மோதிய வடுக்கள் உள்ளன. புவிப்பாறைகளில் காணப்படும் நீரின் சுவடு அவற்றில் மிக அரிது. பல நாட்டு ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்துள்ளனர்.

எதிரணியின் அமைதியும் ஒரு சான்றாகும். நிலவுப் போட்டியில் அமெரிக்காவின் எதிரியாக நின்றது சோவியத் ஒன்றியம். அப்பல்லோ 11 நிலவில் இருந்தபோதே சோவியத்தின் லூனா 15 கலமும் அங்கிருந்தது. ஜூலை 21ஆம் நாள் அது நிலவில் மோதி அழிந்தது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியகம் இவ்விரு கலங்களின் குறிகைகளையும் பின்தொடர்ந்தது. பொய்யெனில் அதனை முதலில் உலகறியச் செய்திருக்க வேண்டிய நாடு, அவ்வாறு எதுவும் கூறவில்லை.

2009 முதல் நிலவைச் சுற்றிவரும் நாசாவின் ஆய்வுக்கலம், இறங்கிய இடங்களைத் தெளிவாகப் படமெடுத்தது. இறங்குகலத்தின் அடிப்பகுதி அங்கேயே இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங் அந்தப் பள்ளத்திற்கு விரைந்துசென்ற தடமும் அப்படத்தில் தெரிகிறது. நாசாவை நம்பாதவர், நம் நாட்டின் சந்திரயான்-2 எடுத்த படத்தைக் காணலாம். அதிலும் அப்பல்லோ 11 இறங்குகலத்தின் எச்சம் புலப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

நிலவிலிருந்து வந்த நேரடி ஒளிபரப்பின் மூலப்பதிவு நாடாக்கள் பிற்காலத்தில் அழிக்கப்பட்டு மறுபயன்பாட்டிற்கு உட்படுத்தப்பட்டிருக்கலாம் என்பதை நாசா 2009இல் ஒப்புக்கொண்டது. வரலாற்றுச் சான்றைக் காப்பதில் நேர்ந்த இப்பிழை ஐயத்திற்கு இடமளித்தது. எனினும் அன்று தொலைக்காட்சியில் ஒளிபரப்பானவற்றின் பதிவுகள் பிற இடங்களில் கிடைத்து, செம்மைப்படுத்தப்பட்டுள்ளன.

புகழை நாடாத வாழ்வு

அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் எடுத்த நிழற்படங்களுள் மனிதர் தெரியும் படங்களில் பெரும்பாலானவை ஆல்ட்ரினைக் காட்டுகின்றன. கருவி பெரும்பாலும் ஆம்ஸ்ட்ராங்கின் கையிலேயே இருந்ததால், அவர் முழுமையாகத் தெரியும் படங்கள் மிகச் சிலவே. புகழ்பெற்ற படமொன்றில் ஆல்ட்ரினின் தலைக்கவசக் கண்ணாடியில் சிறு உருவமாகவே அவர் தெரிகிறார். நாடகம் நடத்துவோர் கதைத்தலைவனைப் படமெடுக்க மறப்பார்களா என்பதும் எண்ணத்தக்கது.

நிலவிலிருந்து திரும்பியபின் எப்பதவியையும் செல்வத்தையும் அவர் எளிதில் அடைந்திருக்கலாம். ஆனால் 1971இல் நாசாவிலிருந்து விலகி, சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் எட்டாண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றினார். 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறி ஏழு பேர் உயிரிழந்தபோது, விசாரணைக் குழுவின் துணைத்தலைவராக இருந்து பிழையின் காரணத்தை ஆராய்ந்தார். தம் கையெழுத்து விலைபொருளாவதை அறிந்தபின், கையெழுத்திடுவதையும் நிறுத்திக்கொண்டார்.

தம் பயணத்தைப் பொய்யென்றவர்கள்மீது அவர் சினம் கொள்ளவில்லை. தாம் அங்கு விட்டுவந்த ஒளிப்படக்கருவியை என்றேனும் ஒருவர் சென்று எடுத்துவருவார் என்பதே அவர் அளித்த விடை. தம்மை நம்புமாறு அவர் வேண்டவில்லை; சென்று பார்க்குமாறே சுட்டினார். சோதனை விமானிக்குரிய விடை அது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங் மறைந்தார். அவரது அஸ்தி அட்லாண்டிக் பெருங்கடலில் கரைக்கப்பட்டது. தெளிந்த இரவில் நிலவு சிரிப்பதைக் காணும்போது அவரை நினைத்து ஒருமுறை கண்சிமிட்டுமாறு அவர் குடும்பத்தார் மக்களைக் கேட்டுக்கொண்டனர்.

காற்றும் மழையும் இல்லாத நிலவில் அவர் பதித்த சுவடுகள் நெடுங்காலம் நிலைத்திருக்கும். அவற்றை நம்பவேண்டும் என்று எவரும் நம்மைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. கேட்டதை உடனே ஏற்காமலும் உடனே மறுக்காமலும், சான்றைத் தேடிச் சென்று ஐயந்திரிபற அறிவதே அச்சுவடுகளைப் பதித்தவருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.